குரல் நடுங்கினாலும் கதைக்கலாம்

வாசகர் கேள்வி – பதில்

இம்முறை வந்த கடிதங்களில் பயத்தையும் வெட்கத்தையும் பற்றியவையே அதிகம். ஆறு கடிதங்களை எடுத்திருக்கிறோம். எழுதியவர்களை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை நீக்கியிருக்கிறோம்.

கேள்வி: வயது 23. உயர்தரப் பரீட்சை ரெண்டு தரம் எடுத்தும் பல்கலைக்கழகம் போக இசட் புள்ளி காணல்ல. மூணு வருசமா மாமாவோட வயரிங் வேலைக்குப் போறன். வீட்டில அத ஒரு வேலையெண்டு ஒருத்தரும் எண்ணுறல்ல. நேர்முகப் பரீட்சைக்குப் போனா குரல் நடுங்குது, தெரிஞ்ச பதிலும் வாயில வருகுதில்ல. "இப்ப என்ன மனே செய்யிறாய்?" எண்டு கேப்பாங்க எண்டு கலியாண வீடுகளுக்கும் போறல்ல. துணிவு வாறதுக்கு என்ன வழி?
– களுவாஞ்சிகுடி

பதில்: தம்பி, துணிவு வரட்டும், பிறகு போவோம் என்று காத்திருப்பதுதான் உங்களைக் கட்டிப்போட்டிருக்கிறது. கிணற்றில் இறைக்க இறைக்கத்தான் தண்ணீர் ஊறும். துணிவும் அப்படித்தான். போய், நடுங்கி, நின்று, திரும்பி வந்த பிறகே கொஞ்சம் ஊறும்.

முதலில் அந்த நடுக்கத்தைப் பார்ப்போம். பயம் வந்ததும் உடம்பு அட்ரினலினைச் சுரக்கிறது. நெஞ்சு வேகமாக அடிக்கிறது, தொண்டைத் தசை இறுகுகிறது, மூச்சு மேல்நெஞ்சோடு நின்றுவிடுகிறது. அந்த நேரத்தில் பக்கத்தில் இருப்பவர்கள் "நல்லா இழுத்து மூச்செடு" என்பார்கள். அப்படி வேகமாகவும் பெரிதாகவும் இழுத்தால் இரத்தத்தில் கரியமிலவாயு குறைந்து தலை சுற்றும், விரல் நுனி விறைக்கும், பயம் கூடும். மூச்சை விடுவதில்தான் விஷயம் இருக்கிறது. நாலு எண்ணும்வரை மூக்கால் மெதுவாக எடுங்கள், ஆறு எண்ணும்வரை விடுங்கள். தோள் உயரக்கூடாது, வயிறு அசைய வேண்டும். காலையில் ஐந்து நிமிடம், இரவில் ஐந்து நிமிடம் என்று இரண்டு கிழமைக்கு இதைச் செய்யுங்கள். மனம் அமைதியாக இருக்கும்போதே பழக வேண்டும். காற்றடிக்கும் நேரத்தில் வாவியில் இறங்கித் தோணி விடப் பழக முடியாது. நேர்முகப் பரீட்சை வாசலில் முதன்முதலாகச் செய்து பார்த்துவிட்டு "இது சரிவரல்ல" என்று கைவிடுபவர்கள் பலர்.

அடுத்தது ஏணி. ஒரு கொப்பியில் உங்களுக்குப் பயம் தரும் பத்து இடங்களை எழுதி, ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 100 வரை பயத்துக்குப் புள்ளி போடுங்கள். தெரியாத கடையில் விலை கேட்டுவிட்டு வாங்காமல் வருவது 25 ஆக இருக்கலாம். பயிற்சி நிலையத்துக்குப் போன் எடுத்து விவரம் கேட்பது 40, விளையாட்டுக் கழகக் கூட்டத்தில் எழும்பி இரண்டு வசனம் பேசுவது 60, கலியாண வீட்டில் அரை மணித்தியாலம் இருப்பது 70, நேர்முகப் பரீட்சை 95. தொடங்க வேண்டியது 25 இலும் 40 இலும். அந்த இடத்தில் பயம் பாதியாக இறங்கும்வரை நில்லுங்கள். பயம் உச்சியில் நிற்கும்போது விட்டுவிட்டு ஓடினால், "ஓடினதாலதான் தப்பினோம்" என்று மூளை கற்றுக்கொள்ளும். அடுத்த முறை இன்னும் பயமாக இருக்கும். ஒரே படியை நாலைந்து நாள் செய்யுங்கள். சலிப்புத் தட்டினால் மேல்படிக்குப் போகலாம். ஒன்றை மறக்க வேண்டாம்: கதவோரத்தில் நிற்பது, போனைத் தடவிக்கொண்டிருப்பது, கூட்டாளியைப் பேசவிட்டுப் பின்னால் நிற்பது எல்லாம் பயத்துக்கு ஒளிவிடம். அவற்றோடு ஏறிய படி கணக்கில் வராது.

இசட் புள்ளி என்பது ஒரு பாடத்தில் நீங்கள் எடுத்த புள்ளி, அந்த வருடம் அதே பாடத்துக்குத் தோற்றியவர்களின் சராசரியிலிருந்து எவ்வளவு தூரத்தில் நிற்கிறது என்று காட்டும் அளவு. அவ்வளவுதான். அதற்கு மேல் பல பாடநெறிகளுக்கான பல்கலைக்கழக அனுமதியில் 40 சதவீதம் அகில இலங்கைத் தரவரிசை, 55 சதவீதம் மாவட்ட ஒதுக்கீடு, 5 சதவீதம் பின்தங்கிய மாவட்டங்களுக்கு என்று ஒரு கணக்கு இருக்கிறது. மட்டக்களப்பும் அம்பாறையும் அந்தப் பின்தங்கிய பட்டியலில் வருகின்றன. தகுதி பெற்றவர்களிலும் ஏறத்தாழ நாலில் ஒருவருக்கே இடம் கிடைக்கிறது. இருக்கிற கதிரைகளின் தொகை அது. அதை உங்கள் நெற்றியில் எழுதிக்கொண்டு திரிய வேண்டிய தேவை இல்லை.

இனி வயரிங். மூன்று வருடத் தொழிலைப் பத்திரமாக மாற்ற வழி இருக்கிறது. தேசிய தொழிற்தகைமை என்ற ஏழு மட்டத் திட்டத்தில், ஏற்கனவே தொழில் தெரிந்தவர்களை வகுப்புக்கு அனுப்பாமல் நேரடியாக மதிப்பிட்டுச் சான்றிதழ் தரும் முறை உண்டு. முன்கற்றலை அங்கீகரித்தல் என்று அதைச் சொல்வார்கள். தொழிற்பயிற்சி அதிகாரசபை நிலையத்திலோ, தேசிய பயிலுநர் மற்றும் கைத்தொழில் பயிற்சி அதிகாரசபையிலோ விசாரியுங்கள். மதிப்பீட்டாளர் வேலையைச் செய்து காட்டச் சொல்வார், கேள்விகள் கேட்பார். அதற்கு முன் இன்றிலிருந்தே செய்கிற வேலைகளைப் படம் எடுத்து வையுங்கள்: மூடி திறந்த நிலையில் டி.பி. போர்ட் எனும் மின்பகிர்வுப் பெட்டி, ஏர்த் கம்பி இணைத்த இடம், இழுத்த குழாய் வரிசை. ஒவ்வொரு படத்துக்கும் கீழே திகதி, ஊர், நீங்கள் செய்த பகுதி. மாமாவிடமும் வீட்டுக்காரர் இருவரிடமும் கடிதம் வாங்குங்கள். நாலாம் மட்டம் வரை ஏறினால் ஐந்தாம், ஆறாம் மட்டம் டிப்ளோமா, ஏழாம் மட்டம் பட்டம். அந்தக் கதவு மூடப்படவில்லை.

நேர்முகப் பரீட்சைக்கு ஒன்றரை நிமிட அறிமுகம் ஒன்றை எழுதி, போனில் பதிவு செய்து கேளுங்கள். முதல் நாள் உங்கள் குரலே உங்களுக்கு அந்நியமாக இருக்கும், மூன்றாம் நாள் பழகிவிடும். முதல் வசனத்தை மட்டும் மனப்பாடம் செய்யுங்கள், மிச்சத்தைக் குறிப்பாக வையுங்கள். முழுவதையும் மனப்பாடம் செய்தவர் ஒரு சொல் தவறினால் எல்லாவற்றையும் தவறவிடுவார். கேள்வி கேட்டதும் இரண்டு விநாடி பேசாமல் இருங்கள். அது மரியாதையாகத்தான் தெரியும். "ட்ரிப் சுவிட்ச் திரும்பத் திரும்ப விழுந்தா என்ன செய்வீர்?" என்று ஒருவர் கேட்டால் உங்களுக்குத் தெரியும்: எல்லா பிரேக்கரையும் கீழே இறக்கி, ஒவ்வொன்றாக மேலே தட்டி, எதில் விழுகிறதோ அந்த வரிசையில் செருகியிருக்கும் சாமான்களை ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்ப்பீர்கள். அந்தப் பதிலைச் சொல்லும்போது உங்கள் குரலைக் கவனியுங்கள். நடுங்காது. கையால் செய்தறிந்ததைச் சொல்கிற குரல் அது. அறிமுகத்திலும் அப்படிப்பட்ட ஒன்றை முதலில் வையுங்கள்.

கலியாண வீட்டுக் கேள்விக்கு: "வயரிங் செய்யிறன் மாமி, சான்றிதழுக்கு விண்ணப்பிக்கிறன். உங்கட வீட்டில ஏதும் பழுதிருந்தா சொல்லுங்க." இதைச் சத்தமாக இருபது தரம் சொல்லிப் பழகிவிட்டுப் போங்கள்.

கேள்வி: எனக்கு 41 வயது. பெண்கள் குழுவாகச் சேர்ந்து ஒருவருக்கொருவர் பிணை நின்று எடுக்கும் குழுக்கடன் மூன்று எடுத்தேன். ஒன்றைக் கட்ட மற்றது. கணவருக்கு ஒழுங்கான தொழில் இல்லை. தவணை வாங்க வருபவரின் மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டாலே கை கால் உதறுகிறது, பின்வளவுக்குள் போய் நிற்பேன். குழுவில் உள்ள பெண்கள் முகத்தைப் பார்க்க வெட்கம். சில இரவுகளில் இருந்தென்ன என்று தோன்றுகிறது.
– வாழைச்சேனைப் பக்கம்

பதில்: அக்கா, கடைசி வசனத்துக்கு முதலில் பதில். அந்த நினைப்பு வருவது நீங்கள் கெட்டவர் என்பதால் அல்ல. கனம் தாங்க முடியாதபோது மனம் அப்படிப் போகும், பெரும்பாலும் சில மணித்தியாலத்தில் அதன் உச்சம் இறங்கும். அந்த நேரத்தைத் தாண்ட ஏற்பாடு வேண்டும். இன்றைக்கே ஒருவரிடம், அக்கா தங்கச்சியோ கூட்டாளியோ, இதே சொற்களில் சொல்லுங்கள். வயலுக்கு வாங்கிய மருந்துப் போத்தல் வீட்டில் இருந்தால் இன்றே வேறொருவர் வீட்டில் பூட்டி வைக்கச் சொல்லுங்கள். இது சின்ன விஷயமல்ல. 1995 இலிருந்து மிகக் கொடிய பூச்சிகொல்லிகளை ஒவ்வொன்றாகத் தடைசெய்த பிறகு இந்த நாட்டின் தற்கொலை வீதம் பாதிக்கும் கீழே இறங்கியது. கைக்கெட்டாமல் வைத்தாலே உயிர் தப்பும் என்பதற்கு நம் நாடே சாட்சி. 1926 என்ற இலக்கத்துக்கு இரவு பகல் எந்நேரமும் அழைக்கலாம், அது தேசிய மனநல நிறுவகத்தின் உதவித் தொலைபேசி. நினைப்பு செயலாக மாறப் பார்த்தால் காத்திருக்க வேண்டாம், 1990 அம்புலன்சில் வைத்தியசாலைக்குப் போங்கள். இலவசம்.

இனிக் கணக்கு. ஒரு பெரிய தாளில் மூன்று கடனையும் எழுதுங்கள்: எடுத்த தொகை, இதுவரை கட்டியது, கிழமைத் தவணை, மிச்சம், பிணை நின்றவர் யார். மிச்சம் தெரியாவிட்டால் நிறுவனத்திடம் எழுத்தில் கணக்குக் கூற்றுக் கேளுங்கள், வாய்க்கணக்கை ஏற்க வேண்டாம். வட்டியையும் சரியாகப் பாருங்கள். "வருடத்துக்கு 24 சதவீதம்" என்று சொல்லித் தரும் ஒரு இலட்சத்தை மாதம் 10,333 ரூபாயாகப் பன்னிரண்டு மாதம் கட்டினால் மொத்தம் 1,24,000. ஆனால் முதல் மாதத்திலிருந்தே முதலின் ஒரு பகுதியைத் திருப்பிக் கொடுத்துக்கொண்டு வருகிறீர்கள். குறைந்து வரும் நிலுவைக்குக் கணக்குப் பார்த்தால் உண்மையான வட்டி 41 சதவீதத்தைத் தாண்டுகிறது. நீங்கள் கெட்டித்தனம் இல்லாமல் மூழ்கவில்லை, கனத்த கல்லைக் கட்டிக்கொண்டு நீந்தியிருக்கிறீர்கள்.

அதே தாளின் மறுபக்கத்தில் வீட்டுச் செலவு. சாப்பாடு, மருந்து, பள்ளிக்கூடம், மின்சாரம், தண்ணீர் முதலில். மிஞ்சுவதுதான் கடனுக்கு. மிஞ்சுவது கிழமைக்கு 1,500 என்றால் அதை மூன்றாகப் பிரித்து, ஒவ்வொரு நிறுவனத்துக்கும் தவணையைக் குறைத்துக் காலத்தை நீட்டும்படி கடிதம் எழுதுங்கள். பதிவுத் தபாலில் அனுப்பி, பிரதியையும் தபால் சீட்டையும் வையுங்கள். எவ்வளவு சிறிதாக இருந்தாலும் கட்டிய ஒவ்வொரு தொகைக்கும் பற்றுச்சீட்டு வாங்குங்கள். நாலாவது கடன் எடுக்கவே வேண்டாம். ஒன்றைக் கட்ட மற்றதை எடுக்கும்போது ஒரு கிழமைக்கு மூச்சு விடலாம், பிறகு தவணை இரண்டாகும். இதில் விழுகிற எல்லாரும் விழுவது இந்த இடத்தில்தான்.

கட்ட இயலாத கிழமையில் குழுப் பெண்களிடம் தவணை நாளுக்கு முதல் நாளே போய்ச் சொல்லுங்கள். அன்றைக்குக் கோபப்படுவார்கள். ஆனால் தவணை நேரத்தில் ஆள் இல்லாமல் போனால் அவர்கள் உங்கள் பங்கையும் சேர்த்துக் கட்ட வேண்டிவரும், அந்தக் கோபம் நெடுநாள் நிற்கும்.

மோட்டார் சைக்கிள் வந்தால் பின்வளவுக்குப் போக வேண்டாம். முன்வாசலில் நின்று, இரண்டு பாதத்தையும் நிலத்தில் நன்றாக ஊன்றி, இதை மட்டும் சொல்லுங்கள்: "இந்தக் கிழமை 500 ரூபாதான் தர ஏலும். மிச்சத்துக்கு எழுத்தில கேட்டிருக்கன். புள்ளைகளுக்கு முன்னால கத்தாதீங்க." திரும்பக் கேட்டால் அதே வசனம். விளக்கம் கூடக் கூட வாக்குவாதம் கூடும். பக்கத்து வீட்டு ஒருவரைக் கூட நிற்கச் சொல்லுங்கள். கெட்ட வார்த்தை பேசினால், இரவில் வந்தால், சாமானைத் தூக்கினால் திகதி, நேரம், சொன்ன சொல் எல்லாவற்றையும் கொப்பியில் எழுதி, பொலிஸ் நிலையத்தின் பெண்கள் மற்றும் சிறுவர் பணியகத்தில் முறைப்பாடு கொடுங்கள். தவணை கட்ட முடியாமற்போவது சிவில் விடயம். "பொலிசில் பிடித்துக் குடுப்போம்" என்பது மிரட்டல். காசோலை கொடுத்து அது திரும்பியிருந்தால் மட்டும் கதை வேறு, அப்போது முதலில் சட்டத்தரணியைப் பாருங்கள். மட்டக்களப்பில் சட்ட உதவி ஆணைக்குழுவின் நிலையம் இருக்கிறது, வருமானம் குறைந்தவர்களுக்கு ஆலோசனை இலவசம். பிரதேச செயலகத்தில் உளவளத்துணை உத்தியோகத்தரும் பெண்கள் அபிவிருத்தி உத்தியோகத்தரும் இருப்பார்கள். அந்தத் தாளையும் கொப்பியையும் கொண்டு போங்கள். வாயால் சொல்லத் தொடங்கினால் அழுகை முந்தும், தாளை நீட்டினால் கதை நேராகப் போகும்.

கேள்வி: கல்முனை வைத்தியசாலை மனநலப் பிரிவில் மருந்து தந்தார்கள். பத்து நாளாகியும் ஒரு மாற்றமும் இல்லை, குமட்டல்தான் மிச்சம். இது வாழ்நாள் முழுக்கவா? ஊரில் அறிந்தால் பைத்தியம் என்பார்களே?
– சாய்ந்தமருது

பதில்: மனச்சோர்வுக்கான மருந்து வேலை செய்யத் தொடங்க இரண்டு முதல் நாலு கிழமை எடுக்கும், முழுப் பலன் தெரிய ஆறு கிழமையும் ஆகலாம். குமட்டல், வாய் உலர்தல் போன்றவை முதலில் வந்து, பெரும்பாலும் இரண்டு கிழமையில் தணியும். அதனால்தான் பத்தாம் நாள் பலர் நிறுத்திவிடுகிறார்கள், தொல்லையை மட்டும் அனுபவித்துவிட்டுப் பலன் வரும் முன் விட்டுவிடுகிறார்கள். சாப்பிட்ட பிறகு எடுத்துப் பாருங்கள். தாங்க முடியாவிட்டால் நாளைக்கே வைத்தியரிடம் சொல்லுங்கள், மருந்தை மாற்றலாம். சுகமான பிறகும் வழமையாக ஆறு மாதமாவது தொடரச் சொல்வார்கள். நிறுத்தும்போது படிப்படியாகக் குறைக்க வேண்டும், திடீரென்று விட்டால் தலைச்சுற்றும் எரிச்சலும் வரும். நித்திரைக் குளிசை வேறு வகை. நாளாந்தம் நெடுங்காலம் எடுத்தால் பழக்கமாகிவிடும் என்பதால் அதைக் கொஞ்ச நாளுக்கே தருவார்கள். எது எது என்று மருந்துத் துண்டைக் காட்டிக் கேளுங்கள். தைரொயிட், இரத்தச்சோகை இரண்டும் சோர்வு தரும், பரிசோதித்தார்களா என்றும் கேட்கலாம்.

ஊருக்கு எல்லாவற்றையும் சொல்ல வேண்டிய கடமை உங்களுக்கு இல்லை, சகோதரரே. வீட்டில் ஒருவருக்குத் தெரிந்தால் போதும்.

கேள்வி: திருக்கோவிலில் முன்பள்ளி ஆசிரியை. வயது 31. எங்கட வீடு அக்காவுக்குச் சீதனமாகப் போனது, எனக்கு வீடில்லை. நாலு இடத்துச் சம்பந்தம் வீட்டுக் கதையோடு முறிந்தது. கண்ணாடி முன்னால் நின்று "நான் பெறுமதியானவள்" என்று தினமும் சொல்லச் சொல்லி ஒரு வீடியோவில் பார்த்துச் செய்தேன். அழுகைதான் வந்தது. எனக்கு என்ன குறை?

பதில்: தங்கச்சி, உங்களுக்குக் குறை இல்லை, அந்த வைத்தியத்தில்தான் குறை. கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழக உளவியலாளர்கள் 2009 இல் வெளியிட்ட ஆய்வில், தன்மதிப்புக் குறைந்தவர்கள் "நான் அன்புக்குரியவர்" என்று திரும்பத் திரும்பச் சொன்னபோது சொல்லாதவர்களைவிட மனம் தாழ்ந்தார்கள். காரணம் விளங்கும். நம்பாத ஒன்றை வாய் சொல்லும்போது, உள்ளே ஒரு குரல் அதற்கு எதிராகச் சாட்சி தேடத் தொடங்குகிறது. ஆகவே வர்ணனையை விட்டு, நடந்ததை எழுதுங்கள். இரவில் மூன்று வரி: இன்று என்ன செய்தேன், யாருக்கு, அதனால் என்ன மாறியது. "நல்ல ரீச்சர்" என்று எழுதக்கூடாது. "முதல் இரண்டு கிழமையும் தூணைப் பிடிச்சு அழுத புள்ள இண்டைக்குச் செருப்பத் தானே கழற்றி வச்சிட்டு உள்ள வந்தது" என்று எழுத வேண்டும். இதை உள்ளே இருக்கும் குரலால் மறுக்க முடியாது, செருப்பு வாசலில் கிடக்கிறதே. நாற்பது நாள் தொடருங்கள். ஒன்றும் இல்லாத நாளில் "சமைத்தேன்" என்றாவது எழுதுங்கள், வெறும் பக்கம் விடாதீர்கள்.

வீட்டுக் கதைக்கு வருவோம். மட்டக்களப்புத் தேசத்தில் குடிவழி தாய்வழியாக வருவது. வீடும் வளவும் பெண்ணின் பேரில் நிற்க, மாப்பிள்ளை அங்கே வந்து குடியிருப்பார். கணவன் இறந்தாலும் பிரிந்தாலும் அவள் தெருவில் நிற்கக்கூடாது என்பதற்குப் பெண்ணின் காலடியில் போட்ட மண் அது. இன்று அதே வீடு அவளுக்கு விலைச்சீட்டாகிவிட்டது. முன்னோர் பெண்ணுக்குப் பலமாக வைத்ததை நாம் அவளுக்குப் பாரமாக்கியிருக்கிறோம், இதை வெளிப்படையாகச் சொல்லித்தான் ஆக வேண்டும்.

செய்யக்கூடியது: அடுத்த பேச்சுக்கால் வரும்போது, பெண் பார்க்க வருவதற்கு முன்பே அம்மாவோ மாமாவோ தரகரிடம் தெளிவாகச் சொல்லட்டும்: "வீடில்ல. புள்ளைக்குத் தொழில் இருக்கு. இது சரியெண்டா வாங்க." வருகிறவர்கள் குறைவார்கள். ஆனால் தட்டத்தோடு வந்து இருந்துவிட்டு, தேத்தண்ணி குடித்துவிட்டு, மூன்றாம் நாள் ஆள் அனுப்பி முறிக்கிற அவமானம் இராது. உங்களை உடைத்தது வீடில்லாதது அல்ல, நாலு தரம் நடுக்கூடத்தில் நிறுத்திப் பார்த்துவிட்டுப் போனது. பேரம் பேசும்போது நீங்கள் அந்த அறையில் இருக்க வேண்டியதில்லை. "எனக்கு அவரோட பத்து நிமிசம் கதைக்க வேணும்" என்று கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. அம்மா அழுதால் நீங்களும் சேர்ந்து அழாமல், கையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் இருங்கள். அவருடைய பயம் உங்கள் வயதைப் பற்றியது, உங்களைப் பற்றியதல்ல.

முன்பள்ளிச் சம்பளம் குறைவு என்பதும் தெரியும். பின்னேரத்தில் ஐந்தாறு பிள்ளைகளுக்கு எழுத்துப் பழக்கும் வகுப்பு வைத்தால், அந்தக் காசை வீட்டுச் செலவோடு கலக்காமல் உங்கள் பெயரில் தனிக் கணக்கில் போடுங்கள். வங்கிப் புத்தகத்தில் உங்கள் பெயருக்கு நேரே ஒரு தொகை ஏறிக்கொண்டு போவதைப் பார்ப்பது, கண்ணாடி முன் சொல்லும் எந்த வசனத்தையும்விட நிற்கும்.

கேள்வி: மகன் ஐந்தாம் ஆண்டுப் புலமைப்பரிசில் பரீட்சையில் வெட்டுப்புள்ளிக்குக் கீழே எடுத்துவிட்டான். மூன்று நாளாகச் சாப்பாடு சரியில்லை. என்ன சொல்ல?
– வவுணதீவு

பதில்: இரண்டு தாளுக்கும் சேர்த்து 200 புள்ளி. வெட்டுப்புள்ளிக்கு மேல் எடுப்பவர்கள் எல்லா மாவட்டத்திலும் சிறுபான்மைதான். அதைப் பத்து வயதுப் பிள்ளைக்கு விளக்க வேண்டாம். "நீ படிச்ச நேரம் எங்களுக்குத் தெரியும். பள்ளிக்கூடம் மாறாது, கூட்டாளிமாரும் மாறமாட்டாங்க" என்று ஒரு தரம் சொல்லிவிட்டு, விளையாட அனுப்புங்கள். அவன் இருக்கும்போது போனில் யாரிடமும் புள்ளி சொல்லாதீர்கள், வட்ஸ்அப்பில் மற்றப் பிள்ளைகளின் படத்துக்கு வாழ்த்துப் போட்டுக்கொண்டும் இருக்காதீர்கள். பிள்ளை உங்கள் சொல்லைவிட முகத்தைத்தான் வாசிக்கும். இரண்டு கிழமைக்கு மேலும் சாப்பாடும் நித்திரையும் குழம்பியிருந்தால் வைத்தியரிடம் காட்டுங்கள்.

கேள்வி: அம்மாவுக்கு 63 வயது. 2004 சுனாமியில் தங்கச்சியையும் அவட புள்ளைகளையும் கடல் கொண்டுபோனது. கார்த்திகை பிறந்தால் நித்திரை இல்லை. மழை இரைந்தால் எழும்பி உடுப்பைக் கட்டுகிறா. எங்களாலும் தாங்க முடியவில்லை, "ஒண்டுமில்லம்மா, பயப்படாதீங்க" என்று சொல்லிச் சொல்லிக் களைத்துவிட்டோம்.
– கல்லடி

பதில்: அந்தப் பயத்துக்கு ஒரு நாட்காட்டி இருக்கிறது. 1978 நவம்பர் 23 சூறாவளியைக் கண்ட தலைமுறை அவர். அதன் பிறகு 2004 டிசம்பர் 26. வாடைக்காற்றும் மழையும் தொடங்கும் மாதங்களில் மனத்துக்கு முன்பே உடம்பு நினைத்துவிடுகிறது. "ஒண்டுமில்ல" என்று சொல்வது உதவாது, ஏனென்றால் அன்றைக்கு ஒன்று நடந்தது. அவர் உடுப்புக் கட்டுவதைத் தடுக்காதீர்கள், ஒழுங்காகக் கட்ட உதவுங்கள்.

ஐப்பசி கடைசியிலேயே அம்மாவும் நீங்களுமாக ஒரு பையைத் தயார் செய்யுங்கள். அடையாள அட்டை, பிறப்புச் சான்றிதழ்கள், வங்கிப் புத்தகம், காணிப் பத்திரப் பிரதி எல்லாம் இரட்டைப் பொலித்தீனில். அம்மாவின் பிரசர், சீனி மருந்து ஏழு நாளைக்கு, கிளினிக் கொப்பி, மூக்குக்கண்ணாடி, டோர்ச், தீப்பெட்டி, ஒரு மாற்றுடுப்பு, சில்லறைக் காசு. ஆளுக்கு நாளொன்றுக்கு மூன்று லீற்றர் தண்ணீர். பையைக் கதவருகே ஆணியில் மாட்டுங்கள். இரவில் எழும்பினால் அவர் கை அதைத் தொட்டுப் பார்க்கட்டும். "கட்டியாச்சு" என்று கை அறிந்தால் கட்டுகிற வேலை குறையும்.

கல்லடி கடலுக்கும் வாவிக்கும் நடுவில் கிடக்கும் துண்டு நிலம். ஆகவே வழியும் தெரிந்திருக்க வேண்டும். ஒரு பகலில் வீட்டிலிருந்து பாலம் தாண்டி நடந்து எத்தனை நிமிடம் என்று பாருங்கள், தெரிந்த ஒரு வீட்டைச் சேருமிடமாக முடிவு செய்யுங்கள். மழைச் சத்தத்துக்கும் சுனாமிக்கும் உள்ள வித்தியாசத்தைச் சொல்லிக் கொடுங்கள். காற்று இரைவதால் சுனாமி வராது. நிலம் நெடுநேரம் அதிர்ந்தால், கடல் வழக்கத்துக்கு மாறாக உள்வாங்கினால், அறிவித்தல் வந்தால்தான் ஓட வேண்டும். 2004 இல் சுமாத்திரா அதிர்வுக்கும் கிழக்குக் கரையில் அலை ஏறியதற்கும் இடையில் ஒன்றரை மணித்தியாலத்துக்கு மேல் இருந்தது. அன்று இந்து சமுத்திரத்தில் எச்சரிக்கும் ஏற்பாடு இல்லை, இன்று இருக்கிறது. 2012 ஏப்ரல் 11 அன்று அறிவித்தல் வந்து கரையோரச் சனம் எழும்பியது, பெரிய அலை வரவில்லை. அன்று எழும்பியவர்கள் ஏமாந்தவர்கள் இல்லை, அந்த ஏற்பாடு வேலை செய்ததற்கு அத்தாட்சி. சந்தேகம் வந்தால் அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117 க்கு அழையுங்கள். வட்ஸ்அப்பில் வரும் குரல் பதிவுகளை அம்மாவுக்குக் கேட்க வைக்க வேண்டாம், செய்தியைக் காலையும் மாலையும் மட்டும் நீங்கள் பார்த்துச் சொல்லுங்கள்.

இரவில் பதறி எழும்பும்போது விளக்கைப் போடுங்கள். பாதத்தைக் குளிர்ந்த சீமெந்தில் வைக்கச் சொல்லுங்கள். "இது நம்மட வீடு, இண்டைக்கு இன்ன கிழமை, நான் பக்கத்தில இருக்கன், பை கதவில தொங்குது" என்று மெதுவாகச் சொல்லுங்கள். சுவரில் தொடக்கூடியது, அறையில் காணக்கூடியது, வெளியே கேட்கக்கூடியது ஒவ்வொன்றாக அவர் வாயால் சொல்லட்டும். இறந்தவர்களின் பெயரை அவர் சொன்னால் கதையை மாற்றாதீர்கள், கேளுங்கள். கெட்ட கனவும் திடுக்கிடலும் ஒரு மாதத்துக்கு மேல் நாளாந்த வேலையைக் குழப்பினால் மட்டக்களப்பு போதனா வைத்தியசாலை மனநலப் பிரிவுக்குக் கூட்டிப் போங்கள். இவ்வளவு வருடம் கழித்தும் சிகிச்சை பலன் தரும்.

கடலைப் பார்த்தால் பயம் போகும் என்று யாராவது சொல்லி ஒரேயடியாகக் கரைக்கு இழுத்துப் போக வேண்டாம். பங்குனி, சித்திரையில் கடல் அமைதியாக இருக்கும்போது, அவர் சம்மதித்தால், அலைச் சத்தம் மட்டும் கேட்கும் ஒழுங்கை வரை நடந்து, ஒரு வீட்டுத் திண்ணையில் பத்து நிமிடம் இருந்துவிட்டுத் திரும்புங்கள். அடுத்த கிழமை இன்னும் ஒரு வளவு தூரம். எந்த இடத்தில் நிற்பது என்பதை அம்மா சொல்லட்டும்.